அம்சம் சொல்லாத பெயர்

தெருவில் எங்காவது ‘கலியபெருமாளு’ என்று ஒரு குரல் கேட்டால் அம்சத்துக்குக் கைவேலை நின்றுவிடும். உலையில் அரிசி போடப் போனவள் முறத்தை ஏந்தியபடியே நிற்பாள். அந்த அழைப்புக்குப் பதில் சொன்ன குரல் யாருடையது என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு முழுவதும் அவள் அப்படித்தான் இருந்தாள்.

அவள் கணவனுக்கு அந்தப் பெயர். செங்கிப்பட்டி காசநோய் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். ஊர்ப் பண்ணையின் வேலைகளை மேற்பார்த்த சின்ன ஏஜெண்டுக்கும் அதே பெயர். அவன் அம்சத்தைத் தாக்கிய வழக்கில் ஓராண்டுத் தண்டனை பெற்று, மேல்முறையீடு செய்து, ஜாமீனில் வெளியே வந்து, பழைய வாய்க்கால் கரையிலேயே சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்தான். காவிரிக்கரை ஊர்களில் சாதி வித்தியாசமில்லாமல் தெருவுக்கு இரண்டு பேருக்கு அந்தப் பெயர் இருந்த காலம் அது. ஆகவே மேலப்படுகையில் இரண்டு கலியபெருமாள்கள் இருந்ததை யாரும் ஒரு செய்தியாகவே நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அம்சத்தின் வாழ்வில் அந்த ஓராண்டு அவ்வளவு அச்சத்தோடு கழிந்திராது.

மேலப்படுகை, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து குடமுருட்டிக் கரையோடு கிழக்கே போனால் வரும். அம்சம் அங்கே வாக்கப்பட்டு வந்தவள். பிறந்தது பூதலூருக்குத் தெற்கே, புதாறு என்னும் கால்வாயின் பாசனத்தில் ஒரு சிற்றூர். பிறந்த தேதியை எவரும் எழுதி வைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் ஒரு வயது, ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு வயது. பெரும் புயல் அடித்த வருஷம் தான் கைக்குழந்தை என்று தாய் சொல்லக் கேட்டதாக அவள் சொன்னதே ஓரளவு நம்பத் தக்கது. நடவில் கை வேகம் உள்ளவள். பேச்சு குறைவு. சாவித்திரி என்று ஒரே பெண்குழந்தை.

அம்சம் குடியிருந்த தெற்குத்தெருவின் பெண்கள் கணவன் பெயரை வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே பெயர் வேறு யாருக்கு இருந்தாலும் அவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. கடைக்காரர் என்பார்கள், மாடிவீட்டுக்காரர் என்பார்கள், ஏதாவது ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அம்சத்தின் நாத்தனார் ரெங்கம்மாளுடைய கணவன் பெயர் வெள்ளைச்சாமி. அதனால் ரெங்கம்மாள் வெள்ளை நிறத்தையே ‘சுண்ணாம்புக் கலரு’ என்றுதான் சொல்வாள்; கடையில் வெள்ளைப்பூண்டு வாங்க அவள் படும் பாட்டைத் தெருவே நடித்துக் காட்டிச் சிரிக்கும். சிரித்தாலும் எந்தப் பெண்ணும் அந்த வழக்கத்தை மீறியதில்லை.

தெற்குத்தெரு வீடுகளெல்லாம் பண்ணை நிலத்தில் இருந்தன. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தபோது, விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தங்கையன் தெருவைத் திரட்டி மனு எழுதினான். அதில் முதலில் கையெழுத்துப் போட்டவன் அம்சத்தின் கணவன். அவனைப் பார்த்துத்தான் மற்றவர்கள் போட்டார்கள். அந்த வருஷக் கடைசியில் அவனுக்கு இருமல் கண்டது. இருமலில் ரத்தம் வந்ததும் செங்கிப்பட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மனு தாசில்தார் அலுவலகத்தில் கிடந்தது. பண்ணையின் கோபம் தெருவில் கிடந்தது. கையெழுத்துப் போட்டவன் ஊரில் இல்லாததால் அந்தக் கோபம் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றது.

எழுபத்து மூன்றாம் ஆண்டு குறுவை அறுப்பில் அது நடந்தது. சம்பா என்று சிலர் சொல்வது பிழை. சம்பா அறுப்புக் காலத்தில் வயல் காய்ந்துவிடும், அன்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தாக்கு வயலில் நாற்றுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மதியம் அறுப்பாட்கள் சாப்பிட வாய்க்கால் கரைக்குப் போனார்கள். தன் பங்குக் கட்டைக் கட்டி முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அம்சம் பின்தங்கினாள். குனிந்து வைக்கோற்பிரியை முறுக்கிக்கொண்டிருந்தவளின் மேல் நிழல் விழுந்தது.

“மனைக்குப் பட்டா கேக்குதோ உங்க வீட்டுக்கு?” என்றான் சின்ன ஏஜெண்டு.

அவள் நிமிர்வதற்குள் முடியைப் பிடித்தான். மோட்டார் கொட்டகைக்குள் இழுத்துப் போனான். அவள் போட்ட கூச்சல் அவள் காதிலேயே விழவில்லை. மோட்டார் சத்தம் அப்படி இருந்தது. ரவிக்கை கிழிந்தது. கையில் இருந்த கருக்கரிவாளை ஓங்கினாள். அவன் அதைப் பிடுங்கி இழுத்ததில் அவளுடைய முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்தது. ரத்தத்தைக் கண்டதும் அவன் பிடி தளர்ந்தது. ஓடி வந்துவிட்டாள். சேலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரத்தம் சொட்ட, அவள் கொட்டகைப் பக்கமிருந்து ஓடி வந்ததைக் கரையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி தன் முந்தானையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள்.

பிற்பகலே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ரெங்கம்மாள் துணைக்குப் போனாள். ஏட்டு, பெயர் கேட்டார், அம்சம் சொன்னாள். கணவர் பெயர் கேட்டார். அவள் நாத்தனாரைப் பார்த்தாள். “கலியபெருமாள்னு போட்டுக்குங்க” என்று அவன் தங்கையான ரெங்கம்மாள் சொன்னாள். தாக்கியது யார் என்று ஏட்டு கேட்டபோது ரெங்கம்மாள் மறுபடி வாயெடுத்தாள். அடிபட்டவள் சொல்லட்டும், நீ வெளியே போய் உட்கார் என்று அனுப்பிவிட்டார்.

அம்சம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “பண்ணை ஏஜெண்டுங்க. ரெண்டு பேருல சின்னவருங்க.”

ஏட்டு எழுதினார். எழுதியதில் ‘சின்னவர்’ என்பது இல்லை. ‘பண்ணை ஏஜெண்டுகளில் ஒருவர்’ என்று இருந்தது. அவர் வேண்டுமென்று செய்ததாகச் சொல்லச் சான்று எதுவுமில்லை. அம்சத்துக்கு எழுத்துத் தெரியாது. பெருவிரல் ரேகை வைத்தாள். மறுநாள் வந்த இன்ஸ்பெக்டர் ஏஜெண்டின் பெயரைத் தங்கையனிடமிருந்து தெரிந்துகொண்டு எழுதினார். பண்ணையோடு மனைத்தகராறு நடத்திக்கொண்டிருந்த தங்கையனிடமிருந்து.

வழக்கு மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் நடந்தது. முந்தானையைக் கிழித்துக் கட்டிய பெண் கூண்டில் ஏறி, தான் அன்று வேலைக்கே போகவில்லை என்றாள். மற்றவள், தான் எதையும் பார்க்கவில்லை என்றாள். இருவர் வீடும் பண்ணை மனையில் இருந்தன. அம்சம் அவர்கள் மேல் கோபப்பட்டதாக யாரும் சொன்னதில்லை. அவர்களும் பயந்தார்கள், தானும் பயந்தாள், அவ்வளவுதான். அவளைத் தவிரச் சொல்ல ஆளில்லாமற் போயிற்று. டாக்டர், காயம் அரிவாளால் ஏற்பட்டது என்றார். தடுக்கி விழுந்தாலும் இப்படி ஏற்படலாமா என்று கேட்டதற்கு, ஏற்படலாம் என்றார்.

தாக்கியவரைக் காட்டு என்றபோது அம்சம் கை நீட்டிக் காட்டினாள். அது நேராக அவனையே காட்டியது. மாஜிஸ்திரேட்டு அவள் முகத்தையும் அந்தக் கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாட்சி தயங்காமல் எதிரியை அடையாளம் காட்டினார் என்று எழுதித் தண்டித்தார். அவள் ஏன் பெயரைச் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. அவரும் இந்தச் சீமைக்காரர். அவருக்கு அது கேட்க வேண்டிய விஷயமாகத் தோன்றியிராது. எதிர்த்தரப்பு வக்கீலும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரிந்தே கேட்காமல் விட்டார் என்பது பின்னால் புரிந்தது.

மேல்முறையீடு தஞ்சாவூர் செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போனது. அதற்குள் பண்ணையின் பெரிய ஏஜெண்டு தியாகராசன் காலமானார். களத்துக் கணக்கு மட்டும் பார்த்துக்கொண்டு, யாரிடமும் உரத்துப் பேசாத மனிதர். அம்சம் அவர் சாவுக்குப் போய்த் தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மேல்முறையீட்டில் அவளைக் கூப்பிட மாட்டார்கள், போக வேண்டியதில்லை என்று தங்கையன் சொன்னான். ஆனால் வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. ஏஜெண்டு விடுதலையாகி வந்தால் முதலில் எந்த வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துவான் என்பது அவளுக்குத் தெரியும். சாவித்திரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ரெங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கோர்ட் தாழ்வாரத்தில் டவாலிச் சேவகர் வந்து நின்று, “கலியபெருமாள்! கலியபெருமாள்! கலியபெருமாள்!” என்று மூன்று முறை கூவினார். அம்சம் தூணைப் பிடித்துக்கொண்டாள். செங்கிப்பட்டியில் படுத்திருப்பவனையே யாரோ வந்து கூப்பிடுவது போல அவளுக்கு இருந்தது. பிறகு, வெள்ளை வேட்டியைச் சரிசெய்தபடி மற்றவன் எழுந்து உள்ளே போனான். போகிற போக்கில் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

உள்ளே பாதி இங்கிலீஷில் நடந்தது. அவளுக்குப் புரிந்தது தியாகராசன் பெயர் மட்டும். எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஏன் சொல்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

இடைவேளையில் அரசு வக்கீல் வைத்தியலிங்கம் வெளியே வந்தார். நரைத்த மீசை, நைந்துபோன கறுப்புக் கோட்டு. அம்சம் யார் என்று தெரிந்ததும் ஒரு கணம் அவள் கையிலிருந்த நீண்ட தழும்பைப் பார்த்தார். ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். இந்தக் கோர்ட்டு உன் முகத்தைப் பார்த்ததில்லை, நீ சொன்னது தாளில் எப்படி இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும். ஒரு காரியத்துக்கு இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. அடிபட்டவள் ஒருத்தி சொன்னாலே போதும். அவள் குற்றத்தில் பங்காளி இல்லை, அவள் சொல்லைச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும் என்றும் இல்லை. ஆனால் ஒரே வாய்ச் சொல்லை வைத்து ஒருவனை ஜெயிலுக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தச் சொல் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மாதிரி நிற்கிறதா, நாளாக நாளாகப் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று புடைத்துப் பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் அதன் பலன் எதிரிக்குத்தான். நாளைக்கு உன்னையே யாராவது கூண்டில் ஏற்றினாலும் அதே நியாயம்தான் உனக்கும்.

“இப்ப அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? மொதப் புகார்ல பேரே இல்ல. ஏஜெண்டுல ஒருத்தருன்னுதான் இருக்கு. செஞ்சவரு செத்துப்போன தியாகராசன், மனைத்தகராறுக்காக சங்கத்து ஆளு இவரு பேரைச் சேத்துட்டான்னு சொல்றாங்க.”

அம்சம் வாயைப் பொத்திக்கொண்டாள். தெருமுனையில் நின்று தான் கும்பிட்ட மனிதர் மேல், தன் வாய் மூடியிருந்ததால், அந்தப் பழி போய் விழுகிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“ஏம்மா, பேரு தெரியும்ல உனக்கு? கூண்டுலகூட நீ ஒரு தடவை அந்தப் பேரச் சொல்லல. ஏன் சொல்லல?”

அவள் தரையைப் பார்த்தாள். ரெங்கம்மாள்தான் பேசினாள். அவள் குரலில் வியப்பே இருந்தது. இதைக்கூடக் கேட்பார்களா என்று.

“எப்படிங்க சொல்லும்? எங்கண்ணன் பேரும் அதானேங்க.”

வைத்தியலிங்கம் கையிலிருந்த வெற்றிலையை வாயில் போடாமல் நின்றார். பிறகு அதைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மேல்முறையீட்டுக் கோர்ட்டும் நியாயத்துக்குத் தேவையென்று கண்டால் சாட்சியை மறுபடி கூப்பிட்டு விசாரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. எப்போதாவதுதான் அதைச் செய்வார்கள். வைத்தியலிங்கம் அதைக் கேட்டார், எதிர்த்தரப்பு மறுத்தது. வழக்கில் விழுந்த ஓட்டையை அடைக்க அந்த வழியைப் பயன்படுத்தக் கூடாது என்றது. நீதிபதி இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு, இந்த ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் அம்சத்தை விசாரிக்க அடுத்த மாதம் ஒரு நாள் குறித்தார்.

அந்த மாதம்தான் அம்சத்துக்கு எல்லாவற்றிலும் கொடிய மாதம். செய்தி அவளுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் எண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஏஜெண்டு சைக்கிளை ஒரு காலால் ஊன்றி வழியில் நின்றான். அவன் குரலை உயர்த்தவே இல்லை.

“கூப்பிட்டிருக்காங்களாமே. பேரச் சொல்லு, கேப்போம். ஒம் புருசன் எப்படியும் இழுத்துக்கிட்டுதான கெடக்கான். நீ சொல்ற நேரத்துல போயிட்டான்னா எம்மேல குத்தமில்ல.”

எண்ணெய்ப் புட்டி அவள் கையில் வழுக்கியது. விழவில்லை. அவன் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கடைக்காரர் ஒருவர் வந்து, உட்காரும்மா என்று சொல்லும் வரை நின்றாள்.

அவன் சொன்னது வெறும் மிரட்டலாக இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். ஆனால் அது அவள் மனத்தில் ஏற்கெனவே இருந்ததைத்தான் சொன்னது. பெயரைச் சொன்னால் அவன் ஜெயிலுக்குப் போவான். சொன்ன வாய்க்குக் கணவன் பலியாவான். சொல்லாவிட்டால் ஏஜெண்டின் சைக்கிள் வாசலில் வந்து நிற்கும். கைப்பிள்ளைக்காரிகளும் கிழவிகளும் கூடி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மனசுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சொன்னால் தோஷமில்லை என்றாள் ஒருத்தி. தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னால் ஒட்டாது என்றாள் இன்னொருத்தி. இதெல்லாம் மூடத்தனம், சொல்லிவிட்டு வந்தால் ஒன்றும் ஆகாது என்று தங்கையன் கத்தினான். வருஷக்கணக்காக மேடையில் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு. ஆனால் அவன் மனைவியும் அவனை ‘எங்க வீட்டுல’ என்றுதான் குறிப்பிடுவாள் என்பதை யாரோ எடுத்துச் சொன்னதும் அவன் பீடி பற்ற வைத்துக்கொண்டு வெளியே போனான்.

நாள் வருவதற்கு முன் செங்கிப்பட்டிக்குப் போனாள். கணவன் நீளமான வார்டின் கோடியில், சன்னலோரக் கட்டிலில் இருந்தான். கட்டிலுக்குக் கீழே மூடி போட்ட துப்பல் கிண்ணம். மூடியின் ஓரத்தில் சிவப்பு இருந்ததை அவள் வந்ததுமே பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ரெங்கம்மாள் சொன்னாள்.

அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

“சொல்லிட்டு வா புள்ள,” என்றான் கடைசியில். “மருந்து குடுக்கிற நர்சம்மா நாளைக்கு மூணு வாட்டி சொல்லுது எம்பேர. நான் செத்தா போனேன்?”

“அவங்க உங்களுக்கு வாக்கப்படல,” என்றாள் அம்சம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், அந்தக் கிண்ணத்தில் முன்பைவிடச் சிவப்பு அதிகமா குறைவா என்று நாத்தனாரைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். குறைவுதான் என்று ரெங்கம்மாள் சொன்னாள். அது பொய் என்று பல ஆண்டுகள் கழித்து அவளே சொன்னதாகக் குடும்பத்தில் நினைவிருக்கிறது.

விசாரணை நாளில் கோர்ட்டில் கூட்டம் இருந்தது. பெண்ணை விசாரிக்கிறார்கள் என்றால் வேலையில்லாதவர்களும் வந்து உட்காருவார்கள். டவாலி அந்தப் பெயரை மூன்று முறை கூவினார். பிறகு அம்சத்தின் பெயரைக் கூவினார். அவள் கூண்டில் ஏறினாள். மரச்சட்டத்தைப் பிடித்தவள் கடைசி வரை விடவில்லை.

வைத்தியலிங்கம் சுருக்கமாகக் கேட்டார். பண்ணையில் எத்தனை ஏஜெண்டு, பெரியவர் யார், சின்னவர் யார். பெரியவர் தியாகராசன் ஐயா என்றாள். அவர் அன்று வயல் பக்கமே வரவில்லை, அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று கேட்காமலே சொன்னாள். சின்னவரைக் கையால் காட்டினாள். உன் கணவர் பெயர் என்ன என்று கேட்டார்.

“செங்கிப்பட்டி ஆஸ்பத்திரில இருக்காருங்க.”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் நின்றது. வைத்தியலிங்கம், புகார்த் தாளின் தலைப்பில் அவள் பெயருக்குக் கீழே இருந்த கணவர் பெயரை நீதிபதிக்குக் காட்டிவிட்டு உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது. இந்தக் காரணத்தை மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்றார். யாரும் கேட்கவில்லை என்றாள். இது போன மாதம் தாழ்வாரத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்த காரணம்தானே என்றார். இல்லை என்றாள். காலம் மாறிவிட்டது, கல்யாணத்தையே ஐயர் இல்லாமல் மேடையில் நடத்துகிறார்கள், பெயர் சொல்லக் கூடாது என்பதெல்லாம் யார் இப்போது பார்க்கிறார்கள் என்றார்.

“சரிம்மா. உன் வீட்டுக்காரர் பேர நீ சொல்ல வேண்டாம். உன்னத் தாக்கினவரு பேர மட்டும் இந்தக் கோர்ட்டுக்குச் சொல்லு. ஒரே ஒரு தடவை. சொல்லிட்டுக் கீழ எறங்கிடு.”

எதிரில் ஏஜெண்டு உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவில் பார்த்த அதே பார்வை. சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று தோன்றியது. உதடு திறந்தது. திறந்த வாயில் அந்தக் கிண்ணத்தின் சிவப்பு வந்து நின்றது. தட்டச்சுக்காரர் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“ஐயா,” என்றாள் நீதிபதியைப் பார்த்து. “அவரக் கையால காட்டுறேன், எத்தனை தடவை வேணும்னாலும் காட்டுறேன். பேருன்னா அவருக்கு ஒண்ணு, எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னு தனியா இல்லீங்களே. எங்க வீட்டுக்காரரு பொழைக்கணும்ங்க. நீங்க அந்த ஏஜெண்ட விட்டுட்டாலும் பரவால்ல, எனக்குச் சொல்ல வராதுங்க.”

அதைச் சொல்லிவிட்டு, எல்லாம் போயிற்று என்று அவள் நினைத்தாள். வக்கீல் மறுபடி அழுத்தப் போனார். நீதிபதி கையை உயர்த்தி நிறுத்தினார். சாட்சி இறங்கலாம் என்றார். படியில் இறங்கியவளை ரெங்கம்மாள் வந்து பிடித்துக்கொண்டாள்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. அந்த வாரம் அவள் வீட்டில் அடுப்பு எரிந்த வேளைகள் குறைவு. தீர்ப்பின் நகல் இன்றும் குடும்பத்தில் இருக்கிறது, சாரம் இதுதான். தாக்கப்பட்டவர் ஒருவரே சாட்சியாக இருப்பது, அவர் சொல்லை ஒதுக்கக் காரணம் ஆகாது. நம்பிக்கைக்கு உரியதா என்று கூர்ந்து பார்க்கக் காரணமாகும். இந்தச் சாட்சி முதல் நாள் சொன்னதற்கும் பின்னால் சொன்னதற்கும் நடுவே வேறுபாடு எதுவுமில்லை. பெயர் சொல்லாமல் ஆளைக் குறித்த விதம் இரண்டிலும் ஒன்றே. மனைத்தகராறு பொய் சொல்லக் காரணமாகலாம் என்றால், தாக்குவதற்கும் அதே அளவு காரணமாகலாம். வாழுமிடத்தை இழக்க அஞ்சிய இருவர் பார்க்கவில்லை என்று சொன்னது இவர் சொல்லைப் பொய்யாக்காது. பெயரைப் புனைந்து சேர்த்ததாக இருந்தால், வழக்கே போனாலும் போகட்டும் என்று அந்தப் பெயரைச் சொல்ல மறுக்கும் அவசியம் இவருக்கு இல்லை. கீழ்க் கோர்ட்டு இவர் முகத்தைப் பார்த்து நம்பியது. இந்தக் கோர்ட்டும் பார்த்தது. குற்றத்தீர்ப்பு உறுதி. தண்டனை மட்டும் ஓராண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைக்கப்பட்டது.

தங்கையன் ஓடி வந்து சொன்னபோது அம்சம் கேட்டது ஒரே கேள்வி: ஆறு மாதம் கழித்து எங்கே வருவான்?

ஊருக்குத்தான் வந்தான். பண்ணை அவனை மறுபடி வேலைக்கு வைக்கவில்லை, ஆனால் வீடு இங்கே இருந்தது. வாய்க்கால் கரையில் எதிர்ப்பட்டால் அவன் சைக்கிளை விட்டு இறங்காமல், தலையையும் திருப்பாமல் போவான். அம்சம் கடைசி வரை மோட்டார் கொட்டகைப் பாதையில் நடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போவாள். தெருவுக்கு மனைப் பட்டா அடுத்த வருஷம் வந்தது. அவள் கணவனும் அதற்கு முன்பே, தேறி, ஆனால் இளைத்து, வீட்டுக்கு வந்துவிட்டான்.

வந்த சில நாட்களிலேயே அவன் ஒன்றைக் கண்டான். யாராவது வாசலில் நின்று தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மனைவி கையிலிருப்பதைப் போட்டுவிடுகிறாள். முதல் தடவை தட்டு, பிறகு தண்ணீர்ச் செம்பு. ஒரு நாள் டீக்கடையில் வைத்து, இனிமேல் என்னை அந்தப் பெயரால் கூப்பிடாதீர்கள் என்றான்.

“பின்ன எப்படிக் கூப்புடுறது, கவர்னர்னா?” என்றார் கடைக்காரர் ஐயாவு.

“அம்சம் வீட்டுக்காரன்னு கூப்புடுங்க.”

கடையே சிரித்தது. பொண்டாட்டி பெயரில் வாழ்கிறவன் என்று வெகுநாள் கேலி நடந்தது. அம்சம் வீட்டுக்காரன் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தான், பழைய பெயருக்குத் திரும்பவில்லை. மெல்ல மெல்லக் கேலி தேய்ந்து பெயர் நின்றது. பட்டாவிலும் சாவித்திரியின் பள்ளிச் சான்றிதழிலும் மட்டும் கலியபெருமாள் என்றே இருக்கிறது. தெருவில் அந்தப் பெயர் ஏஜெண்டு ஒருவனுக்கே உரியதாயிற்று. அதைக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று அம்சத்துக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் வேறு எந்தக் குரல் கேட்டாலும் அவள் முறத்தை ஏந்தியபடி நிற்காமல் அரிசியை உலையில் போட்டாள்.